எச்சில் குப்பியும் தாத்தா சொன்ன கதையும்

கேள்வி: எங்கள் அப்பா வழி முன்னோர் ஒருவர் ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் வேறு தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். கையில் ஒரு காகிதமும் இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று எச்சில் மாதிரி அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்தேன். தாத்தா சொன்ன தேசத்தின் பெயரே 9 சதவீதம் என்று வந்தது. ஆனால் அண்ணனுக்கு 2 சதவீதம்தான். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்கு இப்படி வருமா? வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். எண்பதைத் தாண்டிய சித்தப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள். ஆதி மனிதர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதும் இதிலேயே தெரியும் என்கிறார்கள். நான் அடுத்து எந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உடன்பிறந்தவர்களுக்கு இந்தச் சதவீதங்கள் வேறு வேறாக வருவது சர்வ சாதாரணம். உருவொத்த இரட்டையரைத் தவிர வேறு யாருக்கும் டிஎன்ஏ அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. நீங்களும் அண்ணனும் முழு உடன்பிறப்புகளா என்பதை அந்த வண்ண வரைபடத்தில் தேடக் கூடாது. அதே கணக்கில் உறவினர் பொருத்தப் பட்டியல் ஒன்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். அண்ணன் பெயருக்கு நேரே சென்டிமார்கன் அளவில் ஓர் எண் இருக்கும். இரண்டு பேருடைய டிஎன்ஏ எவ்வளவு நீளத்துக்கு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு அது. முழு உடன்பிறப்புகளுக்குச் சராசரியாக 2,600 வரும். அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் பொதுவாக இருந்தால் 1,750-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணைப் பார்த்தாலே உங்கள் பயம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

பிறகு ஏன் 9-ம் 2-ம்? அப்பாவிடம் இருந்த டிஎன்ஏவில் பாதிதான் உங்களுக்கு வந்தது. அண்ணனுக்கும் பாதிதான், ஆனால் அதே பாதி இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுவது போல. கப்பலில் வந்தவருடைய துண்டுகளில் அப்பாவிடம் மிஞ்சியிருந்தவை உங்கள் கைக்குக் கூடுதலாகவும் அண்ணன் கைக்குக் குறைவாகவும் வந்திருக்கலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் நமக்கு வருவது சராசரியாக 25 சதவீதம். கொள்ளுத்தாத்தாவிடமிருந்து 12.5. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, ஐந்தாம் தலைமுறை முன்னோர் ஒருவரிடமிருந்து 3 சதவீதமும் ஆறாம் தலைமுறையில் ஒன்றரை சதவீதமும்தான் எஞ்சும். வந்தவர் ஒற்றை ஆளாக வந்து, இறங்கிய இடத்திலேயே பெண் எடுத்திருந்தால், அண்ணனுடைய 2 சதவீதம் கதையோடு அழகாகப் பொருந்துகிறது. உங்கள் 9 சதவீதம்தான் இடிக்கிறது. அப்படியானால் வந்தவர் ஒருவர் அல்ல, குடும்பமாக வந்திருக்கலாம். அல்லது தாத்தா சொன்னதைவிட ஒன்றிரண்டு தலைமுறை பக்கத்தில் வந்திருக்கலாம். அல்லது அந்த 9 என்ற எண்ணே ஆட்டம் காண்கிற எண்ணாக இருக்கலாம். எனக்குக் கடைசியாகச் சொன்னதில்தான் சந்தேகம் அதிகம்.

ஏனென்றால் இந்தச் சதவீதம் உங்கள் முன்னோர் எங்கே வாழ்ந்தார்கள் என்பதை நேரடியாக அளந்து சொல்வதில்லை. இன்றைக்கு உயிரோடு இருக்கிற, தாத்தா பாட்டி காலத்திலிருந்தே ஒரே பகுதியில் வாழ்வதாகச் சொல்கிற பல ஆயிரம் பேரின் டிஎன்ஏவை நிறுவனம் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும். உங்கள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் யாருடையதைப் போல இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிப் போடுவார்கள். ஒப்பீட்டுத் தொகுப்பில் உங்கள் மக்களிடமிருந்து போதுமான ஆட்கள் இல்லையென்றால், கணினி பக்கத்தில் இருப்பவர் எவரோ அவர் பெயரைப் போட்டுவிடும். தொகுப்பைப் புதுப்பித்ததும் சதவீதம் மாறும். போன வருடம் ஒரு தேசம், இந்த வருடம் பக்கத்துத் தேசம் என்று மாறிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய டிஎன்ஏ எதுவும் மாறவில்லை. இன்னொரு விஷயம்: இன்றைய தேச எல்லைகளுக்கு டிஎன்ஏவில் இடமே கிடையாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். அதனால் ஒற்றை இலக்கச் சதவீதத்தை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்த எண்ணுக்குப் பின்னால் '0 முதல் 12 வரை' என்பது போல ஒரு வீச்சைப் பல நிறுவனங்கள் கொடுக்கும். வீச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் பொருள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். அடுத்து நீங்கள் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டாம். உங்களிடம் இருக்கிற டிஎன்ஏ கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. இனி கேட்க வேண்டியது சித்தப்பாவிடமும் அத்தையிடமும்தான். அதையும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று நேர் ஆண்வழியில் மேலே போனால் கப்பலில் வந்தவரிடம் முடியும் என்பதுதானே தாத்தாவின் கதை? அந்த வழியை மட்டும் தொடர்வதற்கென்றே ஒய் குரோமோசோம் இருக்கிறது. அது அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகும். மற்ற டிஎன்ஏ தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக் கரைந்து 2, 3 சதவீதத்தில் வந்து நிற்கும்போது, ஒய் மட்டும் கரைவதே இல்லை. வந்தவர் எத்தனை தலைமுறை உள்ளூரில் பெண் எடுத்திருந்தாலும், இன்றைக்கு இருக்கிற ஆண் வாரிசின் ஒய் அவருடைய ஒய்தான். பெண்ணான உங்களிடம் அது இல்லை. உங்கள் பரிசோதனை தாத்தாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். அண்ணனிடம் இருக்கிறது, சித்தப்பாவிடமும் அதேதான் இருக்கிறது.

யாருடையதை எடுப்பது? ஒய்க்கு மட்டும் என்றால் அண்ணனே போதும். ஆனால் நான் சித்தப்பாவைத்தான் சொல்வேன். அவர் உங்களைவிட ஒரு தலைமுறை பழையவர். கப்பலில் வந்தவரின் மற்ற துண்டுகளும் அவரிடம் சராசரியாக உங்களிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஒரே மாதிரியில் ஒய்யையும் பார்க்கலாம், நீங்கள் எடுத்ததைப் போன்ற பொதுவான பரிசோதனையையும் செய்யலாம்.

அத்தையை ஏன் சேர்க்கச் சொல்கிறேன்? இரண்டு காரணம். உங்கள் தாத்தா பாட்டியின் டிஎன்ஏவில் சித்தப்பாவுக்கு வராத துண்டுகள் பல அத்தையிடம் இருக்கும். இருவரையும் சேர்த்தால் சராசரியாக முக்கால் பங்கு கிடைத்துவிடும். அப்புறம், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. இது அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் பெண் பிள்ளைகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். உங்களிடமும் அண்ணனிடமும் இருப்பது உங்கள் அம்மாவுடையது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் தாய்வழி உங்களுக்கு வரவே இல்லை, அப்பாவோடு நின்றுவிட்டது. அது இப்போது சித்தப்பாவிடமும் அத்தையிடமும், அத்தைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் இருக்கிறது.

வயதானவர்களிடம் மாதிரி எடுப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. குப்பியில் கோடு வரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு வாய் உலர்ந்தே இருக்கும், அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பாதிக் குப்பி நிறையாது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கிற முறையைப் பயன்படுத்தும் நிறுவனமாகப் பாருங்கள். எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

ஒய் பரிசோதனையிலும் மலிவானதை எடுத்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள் அதிகம். பொதுவான பரிசோதனையோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் ஒய் முடிவு, உங்கள் வம்சம் எந்தப் பெருங்கிளையில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். ஹாப்லோகுரூப் என்று அதற்கு ஓர் எழுத்தும் எண்ணும் தருவார்கள். அந்தக் கிளை பல ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்கும். அதைக் கொண்டு இருநூறு வருடக் கப்பல் பயணத்தைப் பிடிக்க முடியாது. ஒய்யின் பெரும்பகுதியை எழுத்தெழுத்தாகப் படிக்கிற ஆழமான பரிசோதனையைக் கேளுங்கள். அதில் ஏறக்குறைய மூன்று தலைமுறைக்கு ஒரு புதிய மாற்றம் பிடிபடும். சித்தப்பாவின் கிளைக்கு மிகப் பக்கத்தில் வருகிறவர்கள் தாத்தா சொன்ன தேசத்துக் குடும்பங்களாகவே இருந்து, பிரிந்த காலமும் சில நூறு ஆண்டு என்று வந்தால், கதைக்கு நல்ல வலு சேர்ந்துவிடும். யாருமே பக்கத்தில் வரவில்லையென்றால் கதை பொய் என்று அர்த்தமில்லை. அந்தத் தேசத்தில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் குறைவாக இருக்கலாம்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன், தன்னிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தந்தை என்று ஹெமிங்ஸ் குடும்பத்தில் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். ஜெபர்சனுக்குத் திருமண வழியில் நேர் ஆண் வாரிசு கிடையாது. அதனால் 1998-ல் அவருடைய அப்பாவின் சகோதரருடைய ஆண்வழி வாரிசுகளிடமிருந்து ஒய் எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசின் ஒய்யோடு அது பொருந்தியது. ஆனால் அந்த ஒய் ஜெபர்சன் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் பொதுவானது. தாமஸ்தான் என்று சொல்ல, ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் அவர் வீட்டில் இருந்தாரா என்ற பழைய குறிப்புகள் தேவைப்பட்டன. காகிதமும் டிஎன்ஏவும் ஒன்றையொன்று தாங்கினால்தான் கதை நிற்கும்.

இன்னொன்று இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட். 2012-ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த இருவரின் மைட்டோகாண்ட்ரியா எலும்போடு பொருந்தியது. ஆண்வழி உறவினர் என்று வம்சாவளி ஏடுகளில் இருந்தவர்களின் ஒய் பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டில் எழுதப்பட்ட தந்தை உண்மையான தந்தை அல்ல. அரச குடும்பத்து ஏடுகளுக்கே அந்த கதி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சித்தப்பாவிடம் மாதிரி வாங்குவதற்கு முன்னால் இப்படியும் ஏதாவது வெளிவரலாம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். தத்தெடுப்பு, மறைக்கப்பட்ட திருமணம், யாருக்கும் தெரியாத பிள்ளை, எதுவும் வரலாம். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அத்தைக்கும் அப்படித்தான்.

பொருத்தப் பட்டியலைப் பற்றியும் கொஞ்சம். என்னைக் கேட்டால் சதவீத வரைபடத்தைவிட நூறு மடங்கு உபயோகமானது இதுதான். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகளோடு சராசரியாக 870 சென்டிமார்கன் பொருந்தும். அவர்களுடைய பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் தங்களுக்குள் 230-ஐ ஒட்டி இருப்பார்கள். அதற்கும் அடுத்த தலைமுறை உறவில் பத்தில் ஒருவரோடு எதுவுமே பொருந்தாது. அதற்கும் அடுத்ததில் ஏறக்குறைய பாதிப் பேரோடு பொருந்தாது. உறவு இருக்கும், டிஎன்ஏவில் மட்டும் தெரியாது. கப்பலில் வந்தவரின் உடன்பிறந்தவர்களுக்கு அந்தத் தேசத்தில் வாரிசுகள் இருந்தால், உங்களைவிடச் சித்தப்பாவின் பட்டியலில்தான் அவர்கள் தட்டுப்பட வாய்ப்பு அதிகம். உங்கள் குடும்பத்தில் சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை திருமணம் நடந்திருந்தால் கணக்கு வேறு. பொதுவான துண்டுகள் பல வழியாக வந்து சேர்ந்து, தூரத்து உறவினர் நெருங்கிய உறவினரைப் போலத் தெரிவார். அப்போது மொத்த எண்ணை விட்டுவிட்டு, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகவே சேர்ந்து பெரிய எண் வந்திருந்தால் அவசரப்பட்டு உறவு கொண்டாட வேண்டாம்.

ஆதி மனிதர்கள் வந்த வழி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு கால அளவு, வேறு கதை. 1987-ல் பல கண்டத்து மக்களின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டு, இன்றுள்ள எல்லோருடைய தாய்வழியும் ஏறக்குறைய 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்று காட்டினார்கள். அப்போது அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள் என்று பொருள் இல்லை. மற்றப் பெண்களின் நேர் தாய்வழிகள் இடையில் எங்கோ மகள் இல்லாமல் நின்றுபோயின, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் நம் எல்லோருடைய முன்னோரில் பெரும்பங்கினர் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியவர்கள். வழியில் நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தோடு கலந்ததால் 2 சதவீதத்தை ஒட்டிய அளவில் அவர்களுடைய டிஎன்ஏ நம்மிடம் இருக்கிறது. பப்புவா நியூ கினி மக்களிடம் டெனிசோவன் என்ற இன்னொரு பழைய மனித இனத்தின் பங்கும் உண்டு. அந்த இனம் இருந்ததே, சைபீரியாவின் ஒரு குகையில் கிடைத்த சிறிய விரல் எலும்பின் டிஎன்ஏவை 2010-ல் படித்தபோதுதான் தெரியவந்தது.

உங்கள் அறிக்கையில் கண்டம் விட்டுக் கண்டம் அம்புக்குறி போட்ட வரைபடம் இருக்குமே, அது உங்களுடைய தனிப்பட்ட வரைபடம் அல்ல. அதே ஹாப்லோகுரூப்பில் வரும் பல லட்சம் பேருக்கும் அதே படம்தான் போகும். பத்து தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா அதில் ஒருத்தியைப் பற்றித்தான் பேசுகிறது. அண்ணனிடம் இருக்கிற ஒய் இன்னொருவரைப் பற்றி. மீதி 1,022 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் டிஎன்ஏ துளிகூட உங்களிடம் இருக்காது.

இங்கிலாந்தில் 1903-ல் செடார் பள்ளத்தாக்குக் குகையில் ஏறக்குறைய 10,000 ஆண்டு பழைய ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. 1997-ல் அதன் மைட்டோகாண்ட்ரியாவை அந்த ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டதில், பக்கத்திலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரோடு பொருந்தியது. 'ஆசிரியரின் முப்பாட்டன் குகை மனிதன்' என்று பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. ஆண் தன் மைட்டோகாண்ட்ரியாவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை. அந்த இருவருக்கும் பொதுவாக எங்கோ ஒரு பாட்டி இருந்தாள் என்பதைத்தான் அது காட்டியது. அதே பாட்டிக்கு ஐரோப்பா முழுவதும் பேரப்பிள்ளைகள் உண்டு. செங்கிஸ் கானின் வாரிசு என்று சான்றிதழ் தருகிறவர்களும் இந்த ரகம்தான். அவருடைய கல்லறையே கிடைக்கவில்லை, எதோடு ஒப்பிட்டார்கள்?

ஆனாலும் குடும்பக் கதையைத் தேடப்போய் மனித வரலாற்றிலேயே கைவைத்த சம்பவமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பம் ஒன்று அனுப்பிய மாதிரியின் ஒய், அதுவரை தெரிந்த எந்தக் கிளையிலும் சேரவில்லை. 2013-ல் வெளியான அந்த ஆய்வால் ஆண்வழி மரத்தின் வேர் 2 லட்சம் ஆண்டுகளுக்கும் பின்னால் தள்ளிப்போனது. அதே கிளையைச் சேர்ந்தவர்கள் பிறகு கேமரூனில் ஒரு சின்ன வட்டாரத்தில் கிடைத்தார்கள். உங்கள் சித்தப்பாவுக்கு அப்படி வரும் என்று சொல்லவில்லை, ஆசை காட்டியதாக நினைக்க வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. உங்கள் டிஎன்ஏவைக் கொடுக்கும்போது உறவினர்களுடையதிலும் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறீர்கள். 2018-ல் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகத் தேடப்பட்ட ஒரு தொடர் கொலையாளி, தூரத்து உறவினர்கள் பொதுத் தளத்தில் ஏற்றியிருந்த டிஎன்ஏ மூலம்தான் சிக்கினார். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் தகவல் வெளியே போனது. வேறு தளங்களில் திருடுபோன கடவுச்சொற்களையே இங்கும் போட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். அந்த நிறுவனமே 2025-ல் திவால் மனு போட்டுக் கைமாறியது. எனவே சித்தப்பாவின் பெயரை முழுமையாகப் போடாமல் முதலெழுத்துகளைப் போடுங்கள். தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வையுங்கள். மூலத் தரவைப் பதிவிறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறைத் தேடலுக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி உண்டா என்ற கட்டங்களைப் படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

மாதிரி எடுக்கப் போகிற அன்றைக்கே ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கொண்டுபோங்கள். வந்தவர் தனியாகவா, மனைவியோடா? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? என்ன தொழில்? வந்த பிறகு பெயரை மாற்றிக்கொண்டாரா? சித்தப்பாவிடமும் அத்தையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் முன்னால் கேட்டால் இருவரும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கப்பல் பயணிகள் பட்டியலில் தேடுவதற்கு ஒரு பெயரும் ஏறக்குறைய ஒரு வருடமும் கிடைத்தாலே போதும்.

ஒய் முடிவு வந்ததும் கிளையின் பெயரையும், மிக நெருங்கிய பொருத்தங்களின் பட்டியலையும் அனுப்புங்கள். மற்றவர்களின் பெயர்களை அடித்துவிட்டு, ஊரும் பிரிந்த கால மதிப்பீடும் மட்டும் தெரிந்தால் போதும். சதவீதப் பக்கம் எனக்கு வேண்டாம்.